ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற பிறகு: மூளைக் கட்டி சிகிச்சை முடிந்த பிள்ளையை வருடக்கணக்கில் கவனிப்பது எப்படி

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து, "ஸ்கேன் நல்லா இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் ஃபைல் பீரோ மேலே ஏறிவிடுகிறது. அடுத்த ஸ்கேன் தேதிக்குத்தான் இறங்கும். ஸ்கேனில் தெரிவது முக்கியமாக ஒன்றுதான்: கட்டி திரும்ப வந்திருக்கிறதா, இல்லையா. பிள்ளை உயரமாகிறதா, காது கேட்கிறதா, பாடம் ஏறுகிறதா, தைராய்டு வேலை செய்கிறதா என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது. ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட், தனி ஓ.பி., தனி தேதி. நியூரோ சர்ஜன் ஒரு கட்டடம், கேன்சர் டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரி, ஹார்மோன் டாக்டர் இன்னொரு மாடி. இவர்கள் எல்லாரும் சொன்னதை ஒன்றாகக் கோத்து வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் தங்கச்சி மகளுக்குச் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்கிற வீரியமான கட்டி வந்தது. தங்கச்சி எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்பவள், லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்பதால் ஃபைல் என் கைக்கு வந்து அப்படியே என்னோடு தங்கிவிட்டது. கட்டியின் வகை, எடுத்துக்கொண்ட சிகிச்சை, சிகிச்சை எடுத்தபோது இருந்த வயது, இந்த மூன்றையும் பொறுத்துப் பின்விளைவு ஆளுக்கு ஆள் மாறும். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்கிற மெதுவாக வளரும் கட்டி வந்து, ஆபரேஷனோடு முடிந்த பிள்ளைக்குக் கீழே சொல்வதில் பாதி தேவைப்படாமலே போகலாம். உங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் டாக்டர். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நம் வேலை.

முதலில் ஒரு தாள்

சிகிச்சை முடிகிற மாதத்திலேயே கேன்சர் டாக்டரிடம் ட்ரீட்மென்ட் சம்மரி கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, இது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரி வார்டில் படுத்து எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று வந்து குவிந்திருக்கும், அதை யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். சம்மரி என்றால் ஒன்றிரண்டு பக்கத்தில் மொத்தக் கதையும் இருக்க வேண்டும்: பயாப்ஸியில் வந்த கட்டியின் சரியான பெயர், ஆபரேஷன் தேதி, கட்டி முழுக்க எடுத்தார்களா அல்லது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா, ரேடியேஷன் எந்தெந்த இடத்துக்கு எத்தனை கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) கொடுத்தார்கள், கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், ஷன்ட் (மூளையில் தேங்கும் நீரை வடியவிட உள்ளே வைக்கும் குழாய்) இருந்தால் அதன் கம்பெனி, மாடல், செட்டிங்.

ரேடியேஷன் அளவு எதற்கு என்று தோன்றும். பின்னால் வரப்போகிற அத்தனை டாக்டர்களும் முதலில் கேட்கிற எண் அதுதான். மெடுல்லோபிளாஸ்டோமாவில் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்துப் பொதுவாக 23.4 கிரே கொடுப்பார்கள், ஆபத்து அதிகமுள்ள வகை என்றால் 36 கிரே அளவுக்குப் போவார்கள், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூட்டி 54 கிரே வரை கொண்டுபோவார்கள். இந்த 23க்கும் 36க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பிள்ளையின் உயரத்திலும் படிப்பிலும் பத்து வருடம் கழித்துத் தெரியும். கீமோவிலும் இதே கதைதான். சிஸ்பிளாட்டின் போட்டிருந்தால் காதும் சிறுநீரகமும், சைக்ளோபாஸ்ஃபமைடு போட்டிருந்தால் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனும் கவனிக்க வேண்டியவை என்று டாக்டர் அந்தப் பெயரைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார்.

எம்.ஆர்.ஐ. சி.டி.க்களைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் வேண்டும், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் புதிய படத்துக்கு அர்த்தம். அப்புறம், நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு மாதிரித் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் இடம் என்றால் ஃபைலை ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல் வையுங்கள், எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இன்னும் ரெண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எத்தனையோ வீட்டில் காகிதம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

ஸ்கேன் நாள்

வீரியமான கட்டிகளுக்குப் பொதுவாக முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஐந்தாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று என்று எம்.ஆர்.ஐ. போகும். உங்கள் டாக்டர் போடும் கணக்கு கொஞ்சம் மாறலாம். தேதி தள்ளிப்போனால் நீங்களே போய்க் கேளுங்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சின்னப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று முன்னாடியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழியில் பிள்ளை அழுகிறதே என்று அரை பிஸ்கட் கொடுத்தால்கூட அன்றைக்கு ஸ்கேன் ரத்து. தாயத்து, அரைஞாண், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அம்மா கூட உள்ளே போவதாக இருந்தால் தாலிக் கயிற்றில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு, முந்தானையில் குத்திய பின், எதையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அந்தக் காந்தம் ஊக்கை இழுத்துவிடும், விளையாட்டில்லை. வெளியிலிருந்து செட்டிங் மாற்றக்கூடிய ஷன்ட் வைத்த பிள்ளை என்றால் எம்.ஆர்.ஐ. முடிந்ததும் செட்டிங் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

உயரம், ஹார்மோன்

மூளையில் ரேடியேஷன் வாங்கிய பிள்ளைகளுக்கு ஹார்மோன்களில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன். இது ஒரே நாளில் தெரியாது. பிள்ளை நன்றாகச் சாப்பிடும், சிரிக்கும், விளையாடும், போன வருட யூனிஃபார்ம் இந்த வருடமும் அப்படியே பொருந்தும். எல்லாரும் துணி காசு மிச்சம் என்று சந்தோஷப்படுவார்கள். அந்த யூனிஃபார்ம்தான் முதல் அறிகுறி.

வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். காலை நேரம், செருப்பில்லாமல், குதிகால் சுவரைத் தொட வேண்டும், தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு சதுரமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அப்புறம் ஒரு முக்காலியில் உட்கார வைத்து அதே மாதிரி இன்னொரு கோடு. முதுகுத்தண்டுக்கு ரேடியேஷன் கொடுத்திருந்தால் கால் வளரும், உடம்பு வளராது. நின்ற உயரத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, உட்கார்ந்த உயரத்தில்தான் தெரியும். நான்கு வயதுக்கு மேல் பருவமடையும் வரை ஒரு பிள்ளை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர வேண்டும். 4க்குக் கீழே இறங்கினால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். கேன்சர் டாக்டரிடம் "எண்டோகிரைன் டாக்டருக்கு (ஹார்மோன் டாக்டருக்கு) எழுதிக் கொடுங்க" என்று நேராகவே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பெரும்பாலும் தினமும் போட வேண்டியது, விலை அதிகம், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சிகிச்சை முடிந்து குறைந்தது ஒரு வருடம் கட்டி இல்லாமல் இருந்த பிறகுதான் பொதுவாக ஆரம்பிப்பார்கள். ஊசி போட்டால் கட்டி திரும்பிவிடுமோ என்கிற பயம் எல்லா வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் இருந்தது. இதுவரை செய்த ஆய்வுகள் அந்த ஆபத்து கூடுவதாகக் காட்டவில்லை. பயத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள், மனசுக்குள் வைத்துக்கொண்டு ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

தைராய்டு டெஸ்ட்டில் ஒரு நுணுக்கம். வெளி லேபில் பல நேரம் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) மட்டும் பார்த்து நார்மல் என்று கொடுத்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கோளாறு தைராய்டு சுரப்பியில் இல்லாமல் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலேயே இருக்கலாம், அப்போது டி.எஸ்.எச். நார்மலாகவே காட்டும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4தான் குறைந்திருக்கும். ஆகவே ரெண்டும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, திடீர் எடை என்று இருந்தால் அதற்கு முன்பே பாருங்கள். கார்ட்டிசால் (உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு) என்று எழுதிக் கொடுத்தால் அது காலை 8 மணி ரத்தம், பதினோரு மணிக்குப் போய்க் கொடுத்தால் அந்த எண்ணை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி சொல்வது பெண் பிள்ளை வீட்டார் கவனமாகப் படிக்க வேண்டியது. ரேடியேஷன் எடுத்த சில பிள்ளைகள் சீக்கிரமே பருவத்துக்கு வருவார்கள். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன் மார்பு அரும்பினாலோ, பையனுக்கு 9 வயதுக்கு முன் பருவ மாற்றம் தெரிந்தாலோ அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். நம் தெருவில் "பிராய்லர் கோழி சாப்பிட்டா இப்படித்தான்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், மாமன் சீர், மஞ்சள் நீராட்டு என்று பேச்சு போகும். அதற்கெல்லாம் முன்னால் எண்டோகிரைன் ஓ.பி. சீக்கிரம் பருவம் வந்தால் ஒரு வருடம் மளமளவென்று உயரம் கூடும், வளர்ச்சி ஹார்மோன் குறைவே அதில் மறைந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம், எலும்பு சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் அங்கேயே நின்றுவிடும். பருவத்தைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறது, நேரத்தோடு போக வேண்டும். மாறாக 13 வயதாகியும் பெண்ணுக்கு, 14 வயதாகியும் பையனுக்கு எந்த மாற்றமும் இல்லை என்றாலும் காட்ட வேண்டும்.

க்ரேனியோஃபேரிஞ்சியோமா வந்த பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கட்டி இருக்கும் இடம் பசியையும் தாகத்தையும் கட்டுப்படுத்தும் இடம். ஆபரேஷனுக்குப் பிறகு அடங்காத பசி வந்தால் அது பேராசையோ கெட்ட பழக்கமோ இல்லை, அந்தப் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. திட்டி, அடித்து, ஊர் முன்னால் கேலி பேசி எதுவும் நடக்காது. சாப்பாட்டு டப்பாக்களைக் கண்ணில் படாமல் வையுங்கள், வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு போடுங்கள், தெருமுனையில் அத்தோவும் பேஜோவும் வாங்கிக் கொடுக்கிற மாமா, சித்தப்பாக்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். டெஸ்மோபிரெஸ்ஸின் (அளவுக்கு மீறிச் சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் மருந்து) எடுக்கிற பிள்ளை என்றால் மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

காது

சிஸ்பிளாட்டின் போட்ட பிள்ளைக்கு முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற கூர்மையான ஒலிகள். இடி கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், பக்கத்து அறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். அதனால் காது நன்றாக இருக்கிறது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். எங்கள் பிள்ளை காய்ச்சலில் தெர்மாமீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பீப் அடித்து ஓய்ந்து வெகுநேரம் ஆனபிறகும் "இன்னும் அடிக்கலையே பெரியம்மா" என்றாள். அப்போதுதான் புரிந்தது. ஸ, ஷ, ச மாதிரியான ஒலிகளும் இந்தக் கீச்சு வகையில்தான் சேரும். "பஸ்" என்று டீச்சர் சொன்னால் அவளுக்கு முன்பாதிதான் கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்து ஊகிக்கிறாள், டீச்சர் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அதுவும் போயிற்று. பள்ளியில் இதற்குப் பெயர் "கவனம் இல்லை."

வருடத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் (காது கேட்கும் திறனை அளக்கும் டெஸ்ட்) எடுங்கள். மருந்து நிறுத்திப் பல வருடம் கழித்தும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போகலாம், ரேடியேஷனும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகம், அதனால் ஒருமுறை எடுத்து நார்மல் வந்தது போதும் என்று விடக்கூடாது. இழந்த கேட்கும் திறன் திரும்பாது. ஆனால் காது மிஷின் வைத்தால் வகுப்பில் பெரிய வித்தியாசம் தெரியும். மிஷின் வைத்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற உறவினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பெரியவர்கள் நாம் எடுத்துக்கொள்வோம், பிள்ளை காதில் அது விழ வேண்டாம். அரசுத் திட்டங்களில் இலவசமாக மிஷின் கொடுக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பள்ளிக்கூடம்

இந்தப் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பதில்லை. புதிதாக ஏறுவது மெதுவாக ஏறுகிறது, கூடப் படிக்கிறவர்கள் முன்னே போகப் போக இடைவெளி ஒவ்வொரு வருடமும் பெரிதாகிறது. ரெண்டாம் வகுப்பில் சமாளித்த பிள்ளை ஐந்தாம் வகுப்பில் திணறுவது அதனால்தான். சின்ன வயதில், முக்கியமாக ஏழு வயதுக்கு முன் மூளைக்கு ரேடியேஷன் வாங்கியிருந்தால் இது அதிகம். வேகம், கவனம், ரெண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது, இவைதான் அடிபடுகின்றன. பேச்சு பெரும்பாலும் நன்றாக இருக்கும், வாய் ஓயாமல் கதை சொல்லும். "இவ்வளவு பேசுற புள்ளைக்கு எழுத மட்டும் கை வரலையா?" என்று டீச்சர் நினைப்பது இயல்பு. அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சைக்காலஜிஸ்ட் செய்யும் முழு மதிப்பீடு ஒன்று சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும்போது, அப்புறம் பெரிய மாற்றம் வரும் ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு முன் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டால் நல்லது. ஐ.க்யூ. எண் ஒன்றை மட்டும் வாங்கி வராதீர்கள், எதில் பலம், எதில் பலவீனம் என்று எழுதி வாங்குங்கள்.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், வாயால் சொன்னது அடுத்த வருடம் டீச்சர் மாறினால் காணாமல் போய்விடும். நாங்கள் கொடுப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"என் மகளுக்குத் தலையில் கட்டி வந்து சிகிச்சை முடிந்துள்ளது. இது தொற்றாது. கீச்சென்ற ஒலிகள் அவளுக்குச் சரியாகக் கேட்காது, முன் வரிசையில் உட்கார வைக்கவும், அவளைப் பார்த்துப் பேசவும். போர்டில் இருப்பதை எழுதி முடிக்க நேரம் ஆகும், முடியாததைப் போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கவும். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுத்தால் போதும். நடையில் தள்ளாட்டம் உண்டு, மாடிப்படியில் ஒரு தோழி கூட வரட்டும். தண்ணீருக்கும் டாய்லெட்டுக்கும் கேட்டவுடன் விடவும். தலைவலி, வாந்தி, தூக்கம் என்று சொன்னால் உடனே கீழே உள்ள எண்ணுக்குக் கூப்பிடவும்."

கூடவே டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு சேரும்போது புதிதாகக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் என்றால் சமக்ர சிக்ஷா என்கிற அரசுக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர் வருகிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூலம் உண்டு, ஆனால் பள்ளி வழியாக மருத்துவச் சான்றோடு நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் ஓடினால் நடக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சை ஆரம்பியுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஷன்ட் வைத்த பிள்ளைக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், கண் கீழ்நோக்கியே இருப்பது, நடை திடீரென்று மோசமாவது, இவற்றில் ரெண்டு சேர்ந்தாலே ஷன்ட் அடைத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வாந்தி என்றால் பித்தம், நேற்று சாப்பிட்ட பிரியாணி என்று சோடாவைக் கொடுத்துப் படுக்க வைப்போம். இந்தப் பிள்ளைக்கு அது கூடாது. ஷன்ட் குழாய் போகும் வழியில் சிவப்பு, வீக்கம், காரணம் தெரியாத காய்ச்சல், வயிற்றுவலி என்றால் தொற்றாக இருக்கலாம். தெருமுனை கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றி நேரத்தைப் போக்காமல், நியூரோ சர்ஜரி இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி பக்கம், சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, சின்னப் பிள்ளை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கடைசி எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடியிருந்தால் எந்த வழி என்பதை மழை வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருங்கள்.

ஹைட்ரோகார்ட்டிசோன் (உடம்பில் சுரக்காத ஸ்டீராய்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து) எடுக்கிற பிள்ளை என்றால் இது உயிர் விஷயம். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று டாக்டர் கையால் எழுதி வாங்கிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசிதான், அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனவுடன் "இந்தப் பிள்ளைக்கு ஸ்டீராய்டு சுரக்காது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எந்த ஆபரேஷனுக்கும், பல் பிடுங்குவதற்கும் முன்னால் இதைச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கெடுதல் என்று யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று நிறுத்தவே கூடாது.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் கூர்மையானதை நகர்த்துங்கள். கையில் சாவி, இரும்பு வேண்டாம், வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம், கூட்டத்தை விலக்குங்கள். டாக்டர் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி அடியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

மற்ற டெஸ்ட்கள்

கண் வருடத்துக்கு ஒருமுறை, ரேடியேஷனுக்குப் பிறகு புரை வரலாம், பார்வை நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிஸ்பிளாட்டின் வாங்கியவர்களுக்கு கிரியாட்டினின், மெக்னீசியம், ரத்த அழுத்தம். கழுத்தில் தைராய்டு பகுதியை டாக்டர் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரேடியேஷன் முடிந்து பத்து, இருபது வருடம் கழித்து மெனிஞ்சியோமா மாதிரி வேறொரு கட்டி வர வாய்ப்புண்டு, அதனால்தான் 'அஞ்சு வருஷம் தாண்டிட்டா முடிஞ்சது' என்கிற கணக்கு இங்கே செல்லாது. கீமோவில் பழைய தடுப்பூசியின் பலன் குறைந்திருக்கும், முடிந்து சுமார் ஆறு மாதத்தில் திரும்பப் போடச் சொல்வார்கள், எது எப்போது என்று கேன்சர் டாக்டரிடம் எழுதி வாங்கித் தடுப்பூசி போடும் இடத்தில் காட்டுங்கள். அதுவரை போலியோ சொட்டு மருந்து நாள் வந்தால், இந்தப் பிள்ளைக்கும் வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான்.

தர்காவில் மந்திரிப்பதும் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதும் அம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் உங்கள் நம்பிக்கை, செய்யுங்கள். வாய்க்குள் போகும் சூரணம், கஷாயம் எதையும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

பணம், கார்டு, போக்குவரத்து

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு சிகிச்சை நேரத்தில் எடுத்திருப்பீர்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. சிகிச்சை முடிந்ததும் அதை மறந்துவிடாதீர்கள், பெயர், ஆதார், ரேஷன் கார்டு விவரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்த டெஸ்ட், எந்த மருந்து இதில் வரும் என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேட்டுவிட்டு வெளியில் காசு செலவழியுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கப் பல பெற்றோருக்கு மனசு வருவதில்லை. நான் சொல்வது ஒன்றுதான், தகுதி இருந்தால் வாங்குங்கள். 2016ஆம் வருடச் சட்டப்படி காது, பார்வை, நடை, அறிவுத்திறன், கற்றல் குறைபாடு என்று 21 வகை இருக்கின்றன, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பலன்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் தனியாக 40 வராவிட்டாலும் காதும் நடையும் சேர்த்துப் பார்க்கும்போது வரலாம், அதைக் கேளுங்கள். மெதுவாகப் படிப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம், அப்போது டாக்டர் கடிதம்தான் கை கொடுக்கும். மாநகரச் சாதாரணப் பஸ்ஸில் அம்மாவுக்குக் கட்டணம் இல்லை, அட்டை உள்ள பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் இல்லை. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரல் போவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி, தள்ளாட்டம் உள்ள பிள்ளையைக் கூட்டமான பஸ்ஸில் ஏற்றி இறக்கும் பாடு இல்லை. எழும்பூருக்கு சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் சைதாப்பேட்டை வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ.

ஒரே நாளில் ரெண்டு ஓ.பி. வருமாறு தேதி கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டால் சிலர் மாற்றித் தருகிறார்கள், பள்ளிக்கும் வேலைக்கும் ஒரு நாள் மிச்சம்.

பிள்ளை பெரியதாகும்போது

குழந்தைகள் ஓ.பி.யில் ஒரு வயதுக்கு மேல் பார்க்க மாட்டார்கள், பெரியவர்கள் பக்கம் போகச் சொல்வார்கள். நிறையப் பிள்ளைகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். பழைய டாக்டருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், புதியவருக்கு அவள் ஒரு எண். அதனால் பழைய இடத்தில் கடைசி விசிட்டுக்கு முன்பே புதிய இடத்தில் முதல் தேதியை வாங்கிவிடுங்கள், ட்ரீட்மென்ட் சம்மரியை இதுவரை வந்த பின்விளைவுகள், இப்போதைய மாத்திரைகள், அடுத்த பத்து வருடத்துக்கு எந்த டெஸ்ட் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதோடு புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கே அவள் கதை தெரிய வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் என்ன கட்டி, என்ன சிகிச்சை, ஏன் இந்த ஊசி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். தலையில் முடி முளைக்காத இடம் ஏன் என்று கூட்டாளி கேட்டால் சொல்வதற்கு அவளுக்கு ஒரு வரி வேண்டும், வீட்டிலேயே அதைப் பேசிப் பழகுங்கள். பிற்காலத்தில் குழந்தை பெறுவது பற்றிய கேள்வியை அவள் முன்னால் மறைக்காமல், தக்க வயதில் டாக்டரிடம் தனியாகக் கேட்க விடுங்கள். ஓ.பி.யில் டாக்டர் "என்ன மாத்திரை எடுக்கிற?" என்று கேட்டதும் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறோம். அவள் சொல்லட்டும், பெயரும் அளவும் நேரமும், தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்துங்கள். அடுத்த தேதியை ஓ.பி. சீட்டில் பார்த்து அவளே தன் போனில் போட்டுக்கொள்ளட்டும்.